சாந்தரூபியும் கரிய சாலமாண்டர்களும்

செய்தி வந்தபோது நான் ஒஸ்லோவின் புருசெத் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலவறையில், கழிவுநீர்ப் பம்பு ஒன்றைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கை முழுக்க அழுக்கு. சட்டைப்பையில் கைபேசி அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. ஒரு துணியால் கையைத் துடைத்துவிட்டு எடுத்தேன். பேசியவர் கருணாகரன். சாந்தரூபி அவர்களின் கணவர். நகரப் பேருந்து ஓட்டுநர்.

"ரூபி போயிட்டா" என்றார். "விடியப்புறம். நானும் பிள்ளையும் பக்கத்திலைதான் இருந்தனாங்கள்."

நான் பதில் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. பிறகு அவரே, "எங்கை நிக்கிறியள்? வேலையிலையோ? சரி, முடிச்சிட்டு வாங்கோ. பேந்து கதைப்பம்" என்று வைத்துவிட்டார்.

முடித்தேன். பம்பைத் திரும்பப் பூட்டி ஓடவிட்டு, தரையைக் கழுவி, சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அதிர்ச்சி என்று சொல்ல எதுவும் இல்லை. மாதக்கணக்காக எதிர்பார்த்திருந்த செய்தி. உடம்பில் சோர்வு மட்டும் இருந்தது. கட்டட வாசலில் ஈரமான மரப்பலகை இருக்கையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் அவர்கள் வீட்டுக்கு நடக்க முடிந்தது.

அந்தியேட்டியன்று கொடுக்கும் நினைவு மலரில் எழுதும்படி கருணாகரன் கேட்டார். எங்கள் ஊரில் கருமாதி என்று சொல்வதற்கு நிகரான நாள் அது. "அவவைப் பற்றி எல்லாருக்கும் தெரியும்" என்றார். "ஆனா அவவின்ரை வேலையைப் பற்றி எங்களிலை ஒருத்தருக்கும் வடிவாத் தெரியாது. அதை நீங்கள்தான் எழுதவேணும்." ஆகவே எழுதுகிறேன். நான் எழுத்தாளன் இல்லை. கோயம்புத்தூரில் பம்பு பழுதுபார்த்துக்கொண்டிருந்தவன். மனைவிக்கு ஒஸ்லோவில் வேலை கிடைத்ததால் இங்கே வந்து சேர்ந்தவன்.

வந்த புதிதில் எனக்கு வேலை கிடைக்கவில்லை. கடைசியில் எடுத்துக்கொண்டது அக்கெர் ஆற்றங்கரையில் இருந்த ஒரு சிறிய இடம். மீன், தவளை, ஆமை போன்றவற்றைத் தொட்டிகளில் வைத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள். அதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. வேலை செய்தவர்கள் 'நீர் வீடு' என்ற பொருளில் சுருக்கமாக ஒரு நோர்வேஜியப் பெயர் வைத்திருந்தோம். தண்ணீரைச் சுற்றவிடும் இயந்திரங்களும் குளிரூட்டிகளும் என் பொறுப்பு. உயிர்கள் அனைத்தும் சாந்தரூபி அவர்களின் பொறுப்பு. அவர் உயிரியல் படித்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து பள்ளிப் பருவத்தில் பெற்றோருடன் வந்து, துரொண்ட்ஹெய்மில் பட்டம் பெற்றவர்.

முதல் நாளே நாங்கள் இருவரும் சேர்ந்து நீர் வீட்டை வெள்ளக்காடாக்கினோம். புதிய தொட்டி ஒன்றை நிரப்பவேண்டியிருந்தது. அவர் மேலே தொட்டியருகில். நான் கீழே நிலவறையில் குழாய்த் திருகின் அருகில். மேலிருந்து அவர் குரல் கேட்டது: "காணும், தண்ணி காணும்." எனக்கு அது 'தண்ணியைக் காணோம்' என்று காதில் விழுந்தது. திருகை முழுவதும் திறந்துவிட்டேன். மறுபடியும் "காணும், காணும்" என்றார். இதற்குமேல் திறக்க என்னிடம் ஒன்றும் இல்லை. இரண்டாவது குழாயையும் திறந்தேன்.

கால்சட்டை முழங்கால்வரை நனைந்து அவர் படியிறங்கி வந்தார். "நான் காணும் எண்டு சொன்னனான் எல்லோ?"

"அதனாலதானுங்க திறந்துவிட்டேன்."

"காணும் எண்டா போதும் எண்டு அர்த்தம்."

"எங்க ஊர்ல காணோம்னா இல்லைன்னு அர்த்தமுங்க."

அவர் படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். அதன்பிறகு வேலை நேரத்தில் அவர் என்னிடம் 'போதும்' என்றார்; நான் அவரிடம் 'காணும்' என்றேன். சில நாளில் 'மேடம்' என்று கூப்பிடுவதை நிறுத்தச் சொன்னார். "இஞ்சை எல்லாரும் பேர்தான் சொல்லுறவை. நீங்களும் ரூபி எண்டே சொல்லுங்கோ" என்றார். சொன்னேன். ஆனால் 'ங்க' சேர்க்காமல் ஒருநாளும் சொல்ல வரவில்லை.

தம் வேலையைப் பற்றி மற்றவர்களிடம் விளக்குவது அவருக்குப் பிடிக்காது. படித்த பெண் மருத்துவராகவோ மருந்தாளராகவோ ஆகாமல் தவளைகளுக்குப் புழு போடுவது அவருடைய உறவினருக்கு வெகுகாலம் விளங்கவில்லை. ஒரு திருமண மண்டபத்தில் நானும் என் மனைவியும் அவர்களுடன் ஒரே மேசையில் இருந்தோம். வயதான ஓர் அம்மையார் வந்து, "பிள்ளை இப்ப என்ன செய்யுறாய்?" என்று கேட்டார்.

"பல்லி மாதிரி ஒரு பிராணி மாமி. அதைப் பாக்கிறன்."

"ஐயோ, மேலை கீலை விழுந்துதெண்டா பலன் பாக்கிறனியோ?"

"அது விழாது மாமி. கல்லுக்குக் கீழைதான் கிடக்கும்."

அம்மையார் திருப்தியடைந்து போய்விட்டார். ரூபி என் பக்கம் திரும்பி, "இதைவிட விளங்கப்படுத்த எனக்குச் சத்தி இல்லை" என்றார்.

அந்தப் பல்லி மாதிரிப் பிராணியைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். சாலமாண்டர் என்பது பார்வைக்குப் பல்லி போல் இருந்தாலும் தவளைக்குத்தான் உறவு. நோர்வேயின் குளங்களிலும் இரண்டு வகை உண்டு. நான் சொல்லப்போவது வேறு. அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் சிற்றோடைகளின் ஓரம் வாழ்பவை. விரல் நீளம், கறுப்பு கலந்த பழுப்பு நிறம். கண்ணிலிருந்து வாயோரம்வரை மங்கிய கோடு ஒன்று. அவற்றுக்கு நுரையீரல் கிடையாது. ஈரத் தோலாலும் வாயின் உட்புறத்தாலுமே மூச்சு விடுகின்றன. தோல் காய்ந்தால் மூச்சு நின்றுவிடும். தண்ணீர் சூடானாலும் ஆபத்து.

இவை நீர் வீட்டுக்கு வந்தது யாரும் விரும்பி அல்ல. நகரில் ஒருவர் அனுமதி இல்லாமல் தம் வீட்டு நிலவறையில் வளர்த்திருந்தார். இந்நாட்டில் தனியார் இவற்றை வைத்திருக்கக்கூடாது. அதிகாரிகள் கைப்பற்றி, வேறு இடம் இல்லாததால் எங்களிடம் கொண்டுவந்து வைத்தார்கள். பிளாஸ்டிக் பெட்டிகளைத் திறந்தபோது பாதி உயிரற்றுக் கிடந்தன. மீதி அசையாமல் கிடந்தன.

"குளிர் வேணும். ஓடுற தண்ணி வேணும். இருட்டும் வேணும். குடுக்கேலுமோ?" என்று கேட்டார் ரூபி.

"குளிரும் தண்ணியும் நான் பாத்துக்கறேனுங்க. இருட்டை நீங்க பாத்துக்கங்க."

பழைய குளிரூட்டி ஒன்றைப் பிரித்து, வேறொன்றின் பாகங்களைச் சேர்த்து ஓடவிட்டேன். அவர் ஆற்றங்கரைக் கல்லை வாங்கிவந்து வேகவைத்து ஆறவைத்து அடுக்கினார். அந்த விலங்குகளைத் தொடுவதற்கு முன் பனிக்கட்டித் தண்ணீரில் கையை அமிழ்த்துவார். நம் கைச்சூடு அவற்றுக்குத் தீக்கணப்பு போன்றதாம். குளிர்காலத்தில் அவருடைய விரல் கணுக்கள் வெடித்து இரத்தம் கசிந்ததைப் பார்த்திருக்கிறேன். களிம்பு பூசக்கூடாது, களிம்பு தோல் வழியாக அவற்றுக்குப் போய்விடும். வேலை முடிந்த பிறகுதான் பூசுவார். பூசிய கையோடு தேநீர்க் கோப்பை வழுக்கும் என்பதால் இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பார்.

அவை பிழைத்தன. ஆனால் பார்வையாளர்களுக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. பகல் முழுவதும் கல்லுக்கடியில் கிடந்தன. பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு ஆமைத் தொட்டிக்கு ஓடினார்கள். ஓர் ஆசிரியை, கல்லைக் கொஞ்சம் நகர்த்திக் காட்ட முடியுமா என்று கேட்டார். "முட்டையோடு படுத்திருக்கிறது. எழுப்ப மாட்டேன்" என்று நோர்வேஜிய மொழியில் மரியாதையாகச் சொல்லிவிட்டார் ரூபி. உண்மைதான். பெண் விலங்கு முட்டைக் குவியலைச் சுற்றி உடம்பை வளைத்துக்கொண்டு, குஞ்சு வெளிவரும்வரை விலகாது. பெரும்பாலும் இரை தேடியும் போகாது. அந்தக் கோடையில் எங்கள் தொட்டியில் முதன்முதலாகக் குஞ்சு பொரித்தது. யாருக்கும் சொல்லாமல் என்னை மட்டும் கூப்பிட்டுக் காட்டினார். அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய கறுத்த உருவங்கள். "பாருங்கோ" என்றார். நான் பார்த்தேன். "காணும்" என்று மூடிவிட்டார்.

இப்படிச் சில ஆண்டுகள் போயின. பிறகு நீர் வீட்டை மூடப்போவதாக அறிவித்தார்கள். எங்கள் பொறுப்பாளர் இங்கெர் என்ற பெண்மணி. நல்லவர். எங்களை உட்காரவைத்துச் சொன்னபோது அவர் முகமே வெளுத்திருந்தது. கட்டடம் பழுது, திருத்த வழியில்லை, கோடைக்குள் காலி செய்யவேண்டும். மீன்களையும் தவளைகளையும் வேறு காட்சியகங்கள் ஏற்றுக்கொள்ளும். ஆமைகளைக் கேட்டு இப்போதே வந்துவிட்டார்கள்.

"கறுப்புச் சாலமாண்டர்கள்?" என்று ரூபி கேட்டார்.

அவற்றை யாரும் கேட்கவில்லை என்றார் இங்கெர். கண்ணுக்குத் தெரியாத விலங்கைக் காட்சியகங்கள் கேட்பதில்லை. தனியாருக்குக் கொடுக்கச் சட்டம் அனுமதிக்காது. இடம் கிடைக்காவிட்டால் கால்நடை மருத்துவர் வருவார், வலியில்லாமல் முடித்துவிடுவார். அதற்கும் ஒரு நாள் குறித்தாயிற்று.

அன்றிலிருந்து ரூபி தொலைபேசியைக் கையிலிருந்து இறக்கவில்லை. டென்மார்க், சுவீடன், ஜெர்மனி என்று எங்கெங்கோ கேட்டார். சிலர் அன்பாக மறுத்தார்கள். சிலர் பதிலே தரவில்லை. எல்லையைத் தாண்டி அனுப்ப வேண்டிய அனுமதிக்கே மாதங்கள் ஆகும் என்றார்கள். அவர் மெலிந்துவிட்டதை நான் கவனித்தேன். அலைச்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில் ஒருநாள் புருசெத்தில் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். சமையலறை மேசையில் நாங்கள் நால்வர்: ரூபி, கருணாகரன், சட்டம் படிக்கும் மகள் மதுரா, நான். ரூபி தட்டில் போட்டதை அளைந்துகொண்டே இருந்தார். கருணாகரன் சட்டென்று சொன்னார்:

"இஞ்சை பின்னாலை ஓஸ்ட்மார்க்காக் காடு கிடக்கு. உள்ளுக்கை நடந்தா நல்ல ஓடை. வான் வண்டியிலை ஏத்திக்கொண்டு போய் விட்டிட்டு வருவம். ஆருக்குத் தெரியப்போகுது?"

"ஏலாது" என்றார் ரூபி.

"ஏன் ஏலாது? அதுகளும் ஓடையிலை இருந்த பிராணியள்தானே?"

"வேறை நாட்டுப் பிராணியள். இஞ்சத்தைக் குளங்களிலை இருக்கிற சாலமாண்டருக்கு இல்லாத நோய் இதுகளிலை இருக்கலாம். ஒரு பூஞ்சணம் காணும். அந்தக் காட்டுக் குளம் முழுக்க வெறுமையாப் போகும்."

"இருக்கலாம் எண்டுதானே சொல்லுறீர். இருக்கு எண்டு இல்லையே."

"இல்லையெண்டு தெரியாமல் விடேலாது."

"அப்ப டொக்டர் வந்து கொல்லட்டும் எண்டுறீரோ?"

மதுரா தட்டைத் தள்ளிவைத்தார். "மம்மா, நீங்கள் இப்ப சீக்மெல்டிங்கிலை வீட்டிலை இருக்கவேணும். உதுகளுக்காக அலையக்கூடாது" என்றார். மருத்துவ விடுப்பை இங்குள்ள பிள்ளைகள் அப்படித்தான் சொல்கிறார்கள். ரூபி மகளை ஒரு பார்வை பார்த்தார். மதுரா அதோடு நிறுத்திவிட்டார். முதுகுவலியாக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

கருணாகரன் விடவில்லை. அவர் குரல் உடைந்திருந்தது. அந்தக் கறுத்த விலங்குகளுக்காக இவ்வளவு கலங்குகிறாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "நீர் ஒருக்கா ஓம் எண்டு சொல்லும், ரூபி. நான் தனியப் போய் விட்டிட்டு வாறன். உமக்கு ஒண்டும் தெரியவேண்டாம். பாரம் குறையும்."

"பாரம் குறையாது. கூடும்" என்றார் ரூபி. "கெட்டதைச் செய்துபோட்டுப் படுக்க எனக்குச் சத்தி இல்லை. இடம் கிடைக்காட்டி டொக்டர் வரட்டும். நானே பக்கத்திலை நிண்டு பிடிச்சுக் குடுக்கிறன்."

கருணாகரன் எழுந்து போய் எல்லோருக்கும் தேநீர் போட்டார்.

இடம் கடைசியில் துரொண்ட்ஹெய்மில் கிடைத்தது. ஐவின் என்பவர் ரூபியுடன் படித்தவர். அங்கே மாணவர்களுக்கான ஒரு சிறிய விலங்கறையைப் பார்த்துக்கொள்கிறார். முதலில் மறுத்திருந்தவர், இரண்டாவது முறை ரூபி கேட்டபோது ஒப்புக்கொண்டார். ஒரே நிபந்தனை: நோய்ச் சோதனை செய்து தெளிவான முடிவு வரவேண்டும். ஒவ்வொன்றின் தோலையும் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்து அனுப்பினோம். முடிவு வர நாளானது. ரூபி தினமும் வேலைக்கு வந்து, இரை போட்டு, கல்லைக் கழுவிக்கொண்டிருந்தார். நோய் எதுவும் இல்லை என்று பதில் வந்தபோது அவர் மகிழ்ச்சி எதுவும் காட்டவில்லை. "சரி, பெட்டி பாப்பம்" என்றார்.

பயணத்துக்கு இரயிலைத் தேர்ந்தெடுத்தார். வெயிலில் வேன் சூடாகும், குலுங்கும். ஈரப்பாசி பரப்பிய சிறு டப்பாக்களை, பனிப்பொதி அடுக்கிய குளிர்ப்பெட்டிகளில் வைத்தோம். கருணாகரன் ஒஸ்லோ நிலையத்துக்கு வந்து எல்லாப் பெட்டிகளையும் தாமே ஏற்றினார். இரயில் புறப்படுமுன் என் கையில் ஒரு துணிப்பையைத் திணித்தார்.

"இதிலை மருந்து கிடக்கு. அவ கேக்கமாட்டா. மத்தியானம் நீங்கள் பாத்துக் குடுங்கோ."

மருந்துப் பெட்டிகளைப் பார்த்தேன். என் மாமனாருக்கு வாங்கிக் கொடுத்துப் பழகிய பெயர் ஒன்று அதில் இருந்தது. கீமோவுக்குப் பிறகு வாந்தி வராமலிருக்கக் கொடுப்பது. நான் நிமிர்ந்தபோது அவர் இறங்கிப் போயிருந்தார்.

ஊர்கள் கடந்து காடு தொடங்கிய பிறகு அந்தப் பையை மேசைமேல் வைத்தேன். ரூபி அதைப் பார்த்தார்.

"தந்திட்டாரோ" என்றார். "சரி. கணையத்திலை. ஈரலுக்கும் போயிட்டுது. இரண்டு ஊசிக்கு நடுவிலை ஒரு கிழமை கொஞ்சம் தெம்பா இருக்கும். இது அந்தக் கிழமை."

"ஏனுங்க சொல்லலை?"

"சொன்னா சனம் கறிச்சட்டியோடை வந்து நிக்கும். ஒவ்வொருத்தருக்கும் முதலிலையிருந்து கதை சொல்லவேணும்."

"பயமா இருக்குதுங்களா?"

அவர் யோசித்துப் பார்த்தார். "பயமெண்டு இல்லை. அலுப்பாக் கிடக்கு. நல்லா நித்திரை கொள்ளவேணும் போலை இருக்கு. இதுகளைக் குடுத்திட்டா ஒரு வேலை முடிஞ்சுது."

கருணாகரன் அன்று மேசையில் ஏன் அப்படிக் கெஞ்சினார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் சாளரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டேன். ரூபி கண்ணை மூடிக்கொண்டார்.

மலையுச்சிப் பகுதியில் ஒரு சின்ன நிலையத்தில் இரயில் நின்றது. முன்னால் சைகை விளக்கு வேலை செய்யவில்லை என்று அறிவித்தார்கள். நின்றது நின்றபடி நேரம் போனது. வெயில் கண்ணாடி வழியாக இறங்கியது. இரயில் பெட்டிக்குள் காற்று நின்றுவிட்டது. நான் குளிர்ப்பெட்டிக்குள் இருந்த வெப்பமானியைப் பார்த்தேன். ஏறிக்கொண்டிருந்தது. பனிப்பொதிகள் முழுவதும் உருகித் தண்ணீராகியிருந்தன.

"ரூபிங்க" என்றேன்.

அவர் எழுந்து, பெட்டியைத் திறக்காமல் புறத்தில் கை வைத்துப் பார்த்தார். பிறகு வெளியே பார்த்தார். நிலையக் கட்டடத்தின் நிழல் விழும் பக்கத்தில், சுவரோரம், குளிர்காலத்துப் பனி ஒரு மேடாக இன்னும் கிடந்தது. அழுக்கேறிய பழைய பனி.

"அங்கை கிடக்கு" என்றார்.

நடத்துநர் ஓர் இளம் பெண். இறங்க அனுமதி கேட்டோம். பெட்டியில் என்ன என்று கேட்டார். ரூபி சொன்னார்: உயிருள்ள விலங்கு, நுரையீரல் இல்லாதது, சூடானால் இறந்துவிடும். அந்தப் பெண் ஒரு கணம் பார்த்துவிட்டு, கதவைத் திறந்து, தாமும் இறங்கினார். இரயிலின் சிற்றுண்டிப் பெட்டியிலிருந்து இரண்டு வாளிகள் எடுத்துவந்தார். நான் என் சாப்பாட்டு டப்பாவைக் காலி செய்து அதனால் தோண்டினேன். மேல்பகுதி கல்லாக உறைந்திருந்தது. கீழே மென்மையாக இருந்தது. ரூபி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, "அடியிலை எடுங்கோ. மேலை ஊத்தை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு தாமும் முழங்காலிட்டு அள்ளத் தொடங்கினார். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

பனியைப் பைகளில் கட்டி டப்பாக்களைச் சுற்றி அடுக்கினோம். வெப்பமானி மெல்ல இறங்கியது. இரயில் புறப்பட்ட பிறகு அந்த நடத்துநர் வந்து, "பிழைத்துவிடுமா?" என்று கேட்டார். "பார்ப்போம்" என்றார் ரூபி. ஈரக் காலுடன் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். மருந்து கொடுக்கவேண்டிய நேரத்தில் எழுப்பினேன். விழுங்கிவிட்டு மறுபடி தூங்கினார்.

துரொண்ட்ஹெய்மில் ஐவின் தொட்டியைத் தயாராக வைத்திருந்தார். ரூபி ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தார். ஒன்று இறந்திருந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் அதை ஐவினிடம் நீட்டி, "மாணவர்களுக்குப் பயன்படும். வைத்துக்கொள்" என்றார். மற்றவை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறங்கி, கல்லிடுக்கில் நுழைந்து மறைந்தன. கடைசி ஒன்று உள்ளே போகாமல் கல்லின் மேல் நின்றது. ரூபி காத்திருந்தார். அதுவும் போனது.

"சரி" என்றார். நாற்காலியில் உட்கார்ந்தார். அதன்பின் எழ அவருக்கு இயலவில்லை. நானும் ஐவினும் இரு பக்கமும் பிடித்துத்தான் காருக்குக் கூட்டிப்போனோம்.

நீர் வீட்டை மூடினார்கள். நான் கட்டடப் பராமரிப்பு வேலைக்குப் போனேன். ரூபி இலையுதிர்காலம் முழுவதும் வீட்டிலும் மருத்துவமனையிலுமாக இருந்தார். புருசெத்துக்கு வேலையாகப் போகும்போதெல்லாம் பார்த்துவிட்டு வருவேன். அவர் அஞ்சியபடியே சனம் வந்தது. வந்தவர்கள் எல்லோரும் அன்பானவர்கள். நல்ல சாப்பாடு கொண்டுவந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்று, ஒருவர் சொன்ன வைத்தியத்தை மற்றவர் மறுத்து, அவர் தலைக்கு மேலே பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் பொறுமையாகத் தலையசைப்பார். அவர்கள் போனதும் என்னிடம், "நீங்கள் ஏதும் பம்புக் கதை சொல்லுங்கோ" என்பார்.

நான் சொல்வேன். எந்தக் கட்டடத்தில் எந்தக் குழாய் அடைத்தது, உள்ளே என்ன கிடந்தது, யார் வந்து கத்தினார்கள் என்று. ஒரு குழாயில் பொய்ப்பல் கட்டு கிடைத்ததையும், உடையவர் அதைக் கழுவி மாட்டிக்கொண்டு நன்றி சொன்னதையும் சொன்ன நாளில் நன்றாகச் சிரித்தார். சிரித்தது வலித்தது. பெரும்பாலும் கதை முடியுமுன் தூங்கிவிடுவார். நான் சற்று நேரம் இருந்துவிட்டு வந்துவிடுவேன்.

கடைசியாகப் பார்த்தது மருத்துவமனையில். வாய் உலர்ந்திருந்தது, மதுரா ஈரப்பஞ்சால் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரூபி கண் திறந்து என்னைக் கண்டுகொண்டார். "வேலை முடிஞ்சுதோ?" என்று கேட்டார். முடிந்தது என்றேன். "அப்ப வீட்டை போங்கோ. உங்கடை பிள்ளையள் பாத்துக்கொண்டிருக்கும்" என்றார். அவர் என்னிடம் பேசிய கடைசி வார்த்தைகள் இவைதான். பெரிதாக எதையும் சொல்லிவிட்டுப் போகும் வழக்கம் அவருக்கு இல்லை.

இறுதிச் சடங்கில் தேவாரம் பாடினார்கள். இங்கெர் வந்திருந்தார். ஐவின் துரொண்ட்ஹெய்மிலிருந்து வந்திருந்தார். மதுரா நோர்வேஜிய மொழியில் சிறிது பேசினார்: அம்மா எதையும் பாதியில் விட்டதில்லை, அதனால் வீட்டில் எல்லோருக்கும் சிரமமாக இருந்தது என்றார். தமிழர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு அது சரியான பேச்சாகப் பட்டது.

சென்ற வாரம், உரிய அனுமதி பெற்று, சாம்பலை ஒஸ்லோ கடற்கழியில் கரைத்தோம். சிறிய மோட்டார்ப் படகு. படகோட்டி முதிய நோர்வேஜியர். கருணாகரன், மதுரா, நான். காற்று வெட்டியது. தீவுகளைத் தாண்டியதும் படகோட்டி இயந்திரத்தை நிறுத்தினார். கலயத்தின் மூடி இறுகியிருந்தது. கருணாகரனால் திறக்க முடியவில்லை. மதுரா அதை என்னிடம் நீட்டி, "அங்கிள், உங்களுக்குத்தானே இதெல்லாம் வரும்" என்றார். கைக்குட்டையைச் சுற்றித் திருகினேன். திறந்தது. தந்தையும் மகளும் சேர்ந்து சரித்தார்கள். சாம்பல் நீரின் மேல் சற்று நேரம் மங்கலாகப் படர்ந்திருந்து, பிறகு கரைந்தது. பூக்களைப் போட்டோம்.

படகோட்டி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கிளம்பலாமா என்று கேட்காமல் உட்கார்ந்திருந்தார். படகு தானாக மிதந்து மெல்லத் திரும்பியது. கருணாகரன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரை எப்படி எழுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போது மதுரா, "அப்பா, பசிக்குது" என்றார்.

கருணாகரன் தலையைத் தூக்கி மகளைப் பார்த்தார். தாம் எங்கே இருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் நினைவு வந்தது போலிருந்தது. என் மனைவி கட்டிக் கொடுத்திருந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தேன். ஆறிப்போயிருந்தது. கருணாகரன் முதலில் ஒன்றை எடுத்துப் பிட்டு, பொடி தடவி, மகளின் கையில் வைத்தார். மதுரா அழுதுகொண்டே சாப்பிட்டார். பிறகு கருணாகரன் படகோட்டிக்கு ஒன்று கொடுத்தார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டு, நன்றாக இருக்கிறது என்று தலையசைத்தார். கடைசியாகக் கருணாகரன் தாமும் சாப்பிட்டார். பல நாட்களுக்குப் பிறகு அவர் முழுதாகச் சாப்பிட்டு நான் பார்த்தது அன்றுதான்.

"போவம்" என்றார்.

சென்று வாருங்கள், ரூபிங்க. நாங்கள் கரைக்குத் திரும்புகிறோம்.